தொங்கும் பீங்கான் தட்டுகளும் தொலைந்துபோகும் குறிப்புகளும்



செம்பனைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்த எவரும் உயர் அழுத்த மின்கோபுரங்களைப் பார்த்திருப்பர். கோபுரத்தின் கைகளிலிருந்து, கவிழ்த்த தட்டுகளைக் கோத்ததுபோல் ஒரு சரம் இறங்கும். அதன் கீழ்நுனியில் மின்கம்பி தொங்கும். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'அரிதிற்கடத்தி' என்று கற்பிக்கிறோம் அல்லவா? அப்பண்பையே தொழிலாகக் கொண்ட பொருள் அது. பேச்சு வழக்கில் இன்சுலேட்டர் என்பர். இக்கட்டுரையில் அதனை மின்காப்பான் என்றும், சரமாகத் தொங்கும் வகையைத் தொங்கு மின்காப்பான் என்றும் குறிப்பிடுகிறேன்.

அஞ்சல்தலை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர் போலவே பழைய மின்காப்பான்களைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உள்ளனர். அமெரிக்காவில் இப்பழக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1973ஆம் ஆண்டிலேயே அங்கு 'நேஷனல் இன்சுலேட்டர் அசோசியேஷன்' என்னும் சங்கம் தோன்றிவிட்டது. எனக்கும் இதில் நீண்டநாள் ஈடுபாடு உண்டு. "தமிழ் வாத்தியாருக்கு எதற்கு இந்தப் பீங்கான் ஓடு?" என்று நண்பர்கள் கேலி செய்வதுமுண்டு.

அவர்களுக்கான விடையை முன்னரே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைச் சேர்ப்பது பாதி வேலைதான். அஃது என்ன, எவர் செய்தது, எங்கிருந்து வந்தது என்று கண்டறிந்து எழுதிவைப்பதே மறுபாதி. தொங்கு மின்காப்பான்களைப் பொறுத்தவரை, அந்த மறுபாதியைச் செய்வதற்கான காலம் நம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறது.

தட்டுகள் தொங்கத் தொடங்கிய கதை

தொடக்கக் காலத்தில் கம்பிகள் மின்காப்பானின் தலைமேல்தான் அமர்ந்திருந்தன. குடை போன்ற கண்ணாடியோ பீங்கானோ ஒரு முளையின்மேல் பொருத்தப்படும். அதன் உச்சியில் கம்பி கட்டப்படும். தந்திக்கும் தொலைபேசிக்கும் குறைந்த அழுத்த மின்சாரத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. ஆனால், மின்சாரத்தை வெகுதொலைவு அனுப்ப வேண்டுமானால் அழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் குடை பெரிதாக வேண்டும். 60,000 வோல்ட்டைத் தாண்டியபோது அக்குடை கனத்திலும் விலையிலும் கட்டுக்கடங்காமல் போயிற்று.

1907ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எட்வர்ட் ஹியூலெட், நயாகரா நீர்வீழ்ச்சி மின்நிறுவனத்தின் ஹெரால்ட் பக் ஆகிய இரு பொறியாளர்கள் இச்சிக்கலையே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தனர். கம்பியைத் தலையில் சுமப்பதற்குப் பதிலாகக் கீழே தொங்கவிடலாம். ஒரே பெரிய குடைக்குப் பதிலாகச் சிறிய தட்டுகளைக் கோத்துச் சரமாக்கலாம். அழுத்தம் கூடினால் தட்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே அவர்களின் வழி. அடுத்த ஆண்டே, அதாவது 1908இல், மிச்சிகன் மாநிலத்தின் குரோட்டன் அணையிலிருந்து கிராண்ட் ரேப்பிட்ஸ் நகருக்குத் தொங்கு மின்காப்பான்களின் துணையோடு 110,000 வோல்ட் மின்சாரம் பாய்ந்தது. நம் மலேசியாவில் இன்று ஓடும் 132, 275, 500 கிலோவோல்ட் மின்தடங்கள் யாவும் அக்கருத்தின் வழித்தோன்றல்களே.

ஹியூலெட் தட்டின் அமைப்பு வியப்புக்குரியது. பீங்கானுக்குள் வளைந்த இரண்டு துளைகள், ஒன்றுக்கொன்று குறுக்காகச் செல்லும். ஒன்றில் மேல்தட்டிலிருந்து வரும் இணைப்புக் கம்பி, மற்றொன்றில் கீழ்த்தட்டுக்குச் செல்லும் இணைப்புக் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடா. ஆயினும் சங்கிலிக் கண்ணிகள் போலக் கோத்திருக்கும். பீங்கான் முழுவதும் நொறுங்கிப் போனாலும் இரு கண்ணிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மின்கம்பி தரையில் விழாது. பின்னாளில் பரவிய 'தொப்பி-தண்டு' வகையில், பீங்கானின் தலைமேல் இரும்புத் தொப்பியும் அடிக்குழியில் எஃகுத் தண்டும் சிமெண்டால் ஒட்டப்பட்டன. இழுத்தால் எளிதில் உடையும் பீங்கான், அழுத்தினால் பெரும்பாரம் தாங்கும். தண்டு கீழே இழுக்க, தொப்பி மேலே பிடிக்க, நடுவிலுள்ள பீங்கான் பெரும்பாலும் நசுக்கப்படுமாறு அதன் தலை வடிவமைக்கப்பட்டது. ஒரு பொருளின் குறையை அறிந்து அதன் நிறையைக் கொண்டு வேலை வாங்கும் இந்த நுட்பம், மாணவர்களை வழிநடத்தும் ஆசிரியர்க்கும் பொருந்தும் எனலாம்.

ஒதுக்கப்பட்ட உடன்பிறப்பு

இத்துணைச் சிறப்பிருந்தும், சேகரிப்போர் பலர் தொங்கு மின்காப்பானைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களின் உள்ளம் நாடுவது முளைமேல் அமரும் கண்ணாடிக் குடைகளைத்தான். காரணம் எளிது. அவை கைக்கடக்கமானவை. பச்சை, நீலம், ஊதா எனப் பல நிறங்களில் ஒளிரும். சன்னலோரம் அடுக்கினால் அழகு சேர்க்கும். தொங்கு தட்டோ 10 அங்குல விட்டமும் சுமார் 5 கிலோ எடையும் கொண்டது. பெரும்பாலும் பழுப்பு, சாம்பல், வெள்ளை நிறங்களில் வரும். துருப்பிடித்த தொப்பியும் சிமெண்டுக் கறையும் அதற்கு அணிகலன்கள்!

வேறொரு காரணமும் உண்டு. கண்ணாடிக் குடைகளுக்கு உட்வர்ட் என்னும் ஆய்வாளர், வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 'சி.டி. எண்' என்ற வரிசைமுறையை வகுத்தார். ஜேக் டாட் என்பவர் முளைவகைப் பீங்கான்களுக்கு 'யு எண்' அமைத்தார். ஓர் எண்ணைச் சொன்னாலே உலகின் மறுகோடியில் உள்ளவருக்கும் எந்த வடிவம் என்பது விளங்கிவிடும். எண் கிடைத்த பொருளுக்குப் பட்டியல் கிடைத்தது. பட்டியல் கிடைத்ததற்கு விலை கிடைத்தது. விலை கிடைத்ததற்கு மதிப்பும் கிடைத்தது. பெயரிடப்படாத பொருள் எவ்வளவு உழைத்திருந்தாலும் பழைய இரும்போடு இரும்பாகப் போய்விடுகிறது.

விலை மட்டுமே மதிப்பாகும்போது இன்னொரு தீமையும் புகுந்துவிடுகிறது. சாதாரணக் கண்ணாடி மின்காப்பான்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நிறத்தை ஊதாவாக மாற்றி, அரிய பொருள் என்று விற்போரும் உள்ளனர். நிறத்தை மட்டும் நம்பிச் சேர்ப்பவர் ஏமாறுவார். வடிவத்தையும் எழுத்தையும் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

எப்படி அடையாளம் காண்பது?

அடையாளம் காண்பது மந்திரமன்று; வாசிப்புப் பயிற்சியாகும். நான் பின்பற்றும் வரிசையைக் கீழே தருகிறேன்.

முதலாவது, பொருள். பீங்கானா, கண்ணாடியா? கண்ணாடியாயின் எவ்வகைக் கண்ணாடி? நம் சமையலறைகளில் உள்ள பைரெக்ஸ் பாத்திரங்களை அறிவோம். அதே பெயரில் கார்னிங் நிறுவனம் 1920களிலேயே மின்காப்பான்களையும் செய்தது. 1930களுக்குப் பின்னர் வந்த உறுதியூட்டப்பட்ட கண்ணாடித் தட்டு வேறுவகை. அடிபட்டால் அதில் விரிசல் மட்டும் விழுவதில்லை; தட்டுப்பகுதி முழுவதும் சிறு துகள்களாகச் சிதறிவிடும். ஆயினும் தொப்பிக்குள் இறுகிய பகுதி கம்பியைத் தாங்கி நிற்கும். பழுதான தட்டு எது என்பதைப் பணியாளர் தரையிலிருந்தே கண்டுகொள்வார். பீங்கானில் உள்விரிசல் வெளியே தெரியாது.

இரண்டாவது, இணைப்பு. துளைவழிக் கோக்கப்பட்ட ஹியூலெட் வகையா, தொப்பி-தண்டு வகையா? தொப்பி-தண்டு ஆயின், தண்டின் நுனி உருண்டையாக இருந்து அடுத்த தொப்பியின் குழியில் நுழைகிறதா, அல்லது கவைபோன்ற பிளவில் ஆணி செருகி இணைக்கப்படுகிறதா?

மூன்றாவது, அளவு. விட்டம், ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புவரை உள்ள உயரம் ஆகிய இரண்டையும் குறிக்க வேண்டும். 10 அங்குல விட்டமும் 5¾ அங்குல உயரமும் மிகப் பரவலான அளவு. மெட்ரிக் முறையில் 254 மி.மீ., 146 மி.மீ. என வரும்.

நான்காவது, அடிப்பகுதி. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் வட்டவட்டமான வரம்புகள் தெரியும். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. ஈரமும் தூசியும் படிந்த மேற்பரப்பில் கசியும் மின்சாரம் ஏறி இறங்கிச் செல்ல வேண்டிய வழியை நீட்டிப்பதே அவற்றின் வேலை. கடலோரத்துக்கும் மாசு மிகுந்த இடத்துக்கும் செய்த தட்டுகளில் வரம்புகள் ஆழமாக இருக்கும்.

ஐந்தாவது, எழுத்து. தொப்பியின்மேல் வார்க்கப்பட்ட எழுத்து, மெருகின்கீழ் முத்திரையிட்ட எழுத்து ஆகிய இரண்டையும் தேட வேண்டும். ஓகாயோ பிராஸ், லாக், லாப், விக்டர் ஆகியவை அமெரிக்கத் தட்டுகளில் காணும் பெயர்கள். 'என்.ஜி.கே.' என்ற முத்திரை கண்டால், மோட்டார் சைக்கிளின் தீப்பொறிச் செருகி நினைவுக்கு வரும். அந்நினைவு தவறன்று. சப்பானிய மொழியில் 'கைஷி' என்றாலே மின்காப்பான்தான். 'நிப்பான் கைஷி' 1919இல் நகோயாவில் தொடங்கப்பட்டது. தீப்பொறிச் செருகிப் பிரிவு 1936இல் தனி நிறுவனமாயிற்று. செருகியின் வெள்ளைக் கழுத்தும் கோபுரத்தின் பீங்கான் தட்டும் ஒரே குடும்பத்து உறவுகள்!

ஆறாவது, எண். பழைய அமெரிக்கத் தட்டில் 15,000 பவுண்டு என்ற எண் இருந்தால், அது மின்னழுத்தமும் இழுவிசையும் ஒருசேரத் தாக்கும்போது தட்டு தாங்க வேண்டிய வலிமையைக் குறிக்கும். ஐ.இ.சி. எனப்படும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறையில் இதற்கு நெருங்கிய உறவினன் 70 கிலோநியூட்டன் தட்டு. அவ்வாணையத்தின் தரவிதியின்படி செய்த தட்டுகளில் செய்தவரின் பெயரும் செய்த ஆண்டும் இருக்க வேண்டும். இது பிற்காலத்துத் தட்டுகளை ஆராய்வோருக்குக் கிடைத்த வரம்.

குறி சொல்வதும் சொல்லாததும்

இங்கேதான் ஒழுக்கம் தேவைப்படுகிறது. பழைய தட்டொன்றில் ஒரு காப்புரிமை நாள் பொறிக்கப்பட்டிருந்தால், அது செய்யப்பட்ட நாள் அன்று. அந்நாளுக்கு முன்னர் அத்தட்டு செய்யப்படவில்லை என்பது மட்டுமே அதனால் தெரிவது. அதற்குப் பின்னர் பல ஆண்டுகள் அதே வார்ப்பு தொடர்ந்திருக்கக்கூடும். 'லாப்' என்ற பெயர் இருந்தால், அந்நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் லிராய் ஊரில் 1916இல் தொடங்கியது என்பதால், தட்டு அதற்கு முற்பட்டதன்று என்று துணிந்து சொல்லலாம். அதற்குமேல் சொல்வது ஊகம். "இத்தட்டு நூறாண்டுப் பழைமையானது" என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கும் பலர், சான்று சொல்லும் அளவோடு நிற்பதில்லை. ஆசை சொல்லும் அளவுக்குச் சென்றுவிடுகின்றனர்.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தட்டின் தொப்பியை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த எண் செய்த ஆண்டா, இல்லை அச்சின் எண்ணா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டாள். அக்கேள்வி எந்தப் பாடநூலின் பயிற்சியிலும் இல்லை. ஆனால், படித்தவர் என்போர் ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுவதும் கேட்க வேண்டிய கேள்வி அது. கண்ணில்படும் எழுத்தை வாசிப்பது ஒன்று. அவ்வெழுத்து எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்று பிரித்தறிவது மற்றொன்று. இரண்டாவதைக் கற்பிக்க 5 கிலோ பீங்கானைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருளை நான் கண்டதில்லை.

எவ்வளவு கூர்ந்து வாசித்தாலும் தட்டு ஒருபோதும் சொல்லாத செய்தியும் உண்டு. அஃது எந்த மின்தடத்தில் தொங்கியது? எத்தனை ஆண்டுகள் வேலை செய்தது? எதற்காகக் கழற்றப்பட்டது? எவர் கழற்றினார்? இவை பீங்கானில் இல்லை. மனிதரின் நினைவில்தான் உள்ளன.

எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் மின்கோபுரப் பணியில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். வேண்டாமென்று கழித்த தட்டுகளை முறைப்படி கேட்டுப் பெற்று, வீட்டின் பின்புறம் இருபதுக்கும் மேல் வைத்திருந்தார். அவற்றுள் மூன்றை நம் பள்ளிக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். கருகிய தழும்புள்ள ஒரு தட்டைக் காட்டி, "வாத்தியாரே, கம்பிக்குப் பக்கத்துல இருந்தது இதுதான். அடி வாங்குனதும் இதுதான்" என்றார். அவர் சொன்னது அறிவியலோடும் பொருந்தி வருவதே. சரத்திலுள்ள தட்டுகள் மின்னழுத்தத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. கம்பிக்கு மிக அருகில் உள்ள தட்டுக்கே பெரும்பங்கு விழும். அவர் அதை எந்த நூலிலும் படித்தவரல்லர். கையால் கழற்றிக் கழற்றி அறிந்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பெரியவர் மறைந்தார். வீட்டைப் புதுப்பித்தபோது எஞ்சிய தட்டுகள் பழைய இரும்பு வாங்குபவரிடம் போயின. அவர் சம்மட்டியால் பீங்கானை உடைத்துத் தொப்பியையும் தண்டையும் எடுத்துக்கொண்டார். பீங்கான் சில்லுகள் குப்பைக்குச் சென்றன. குடும்பத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெயரும் குறிப்பும் இல்லாத பொருளை எவர்தான் பொருளாக மதிப்பர்? குறிப்பு ஒட்டிய மூன்று தட்டுகள் பள்ளி அறிவியல் அறையில் இன்றும் உள்ளன. குறிப்பில்லாதவை அனைத்தும் போயின. சேகரிப்புக்கும் குவிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆர்வம் வேண்டும், அடக்கமும் வேண்டும்

இதைப் படித்துவிட்டு எவரும் கோபுரத்தின் பக்கம் போய்விட வேண்டா. உயர் அழுத்த மின்சாரம் தொட்டால்தான் கொல்லும் என்பதில்லை. நெருங்கினாலே காற்றின் வழியே பாய்ந்துவிடும். கோபுரத்தில் தொங்குவது நாட்டின் உடைமை. அதன் வேலி தாண்டுவதும் அடியில் கிடப்பதைக் கேளாமல் எடுப்பதும் குற்றம். கழித்த தட்டு வேண்டுமாயின் உரியவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். உறுதியூட்டப்பட்ட கண்ணாடித் தட்டை வீட்டில் வைத்திருப்போர் அதைத் துளையிடவோ தேய்க்கவோ கூடாது. சிறு வடு பட்டாலும் எதிர்பாராத நேரத்தில் அது வெடித்துச் சிதறக்கூடும். குழந்தைகள் புழங்கும் இடத்தில் அதை வைக்காதீர்கள். தொங்கு தட்டு கனமானது என்பதால், அலமாரியின் அடித்தட்டே அதற்குரிய இடம்.

இப்பணியில் பள்ளிக்கு என்ன பங்கு?

இன்று புதிய மின்தடங்கள் பலவற்றில் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் பதிலாக, கண்ணாடியிழைத் தண்டின்மேல் சிலிக்கோன் இரப்பர் போர்த்திய மின்காப்பான்கள் தொங்குகின்றன. அவை எடை குறைந்தவை, நீரை ஒட்டவிடாதவை. மாற்றம் நல்லதே. பழையனவற்றைக் கோபுரத்திலேயே வைத்திருங்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால், கழற்றப்படும் ஒவ்வொரு சரத்தோடும் அதைக் கட்டியவரின் நினைவும் கழன்று போகிறது என்பதை மறுக்க இயலாது.

நம் நாட்டில் மத்திய மின்வாரியம் 1949இல் தொடங்கியது. 1965இல் அது தேசிய மின்வாரியம் எனப் பெயர் மாறிற்று. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. இத்துறையில் உழைத்தோருள் நம்மவரும் உண்டு. காட்டைத் திருத்தி, குழி தோண்டி, கோபுரம் ஏறிக் கம்பி இழுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டால், "கரண்டு வேலை" என்ற இரண்டு சொற்களோடு முடித்துவிடுகின்றனர். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை ஊர்கள், எத்தனை இடிமழை நாள்கள், எத்தனை நுட்பங்கள் புதைந்துள்ளன!

ஆகவே, என் பரிந்துரை எளியது. பள்ளிக்கு ஓர் அலமாரி, அதில் சில பழைய தொழிற்பொருள்கள் போதும். தொங்கு மின்காப்பானாக இருந்தால் நன்று. பால்வெட்டுக் கத்தியாகவோ ஈய வட்டில் ஆகவோ இருந்தாலும் நன்றே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாணவர் தம் கைப்பட எழுதிய ஓர் அட்டை இருக்க வேண்டும். பொருளின் பெயர், அளவு, குறி, எங்கிருந்தது, எவர் தந்தார், எந்நாளில் தந்தார் ஆகிய ஆறு வரிகள் போதும். உறுதியாகத் தெரிந்ததை மையினாலும் ஊகத்தைப் பென்சிலாலும் எழுதப் பழக்குங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல களம் வேறு வேண்டுமா?

தட்டுகள் இன்னும் சில காலம் எங்கேனும் கிடைக்கும். பீங்கான் மட்காது. ஆனால், "கம்பிக்குப் பக்கத்துல இருந்தது இதுதான்" என்று சுட்டிக்காட்டும் விரல்கள் நெடுங்காலம் இரா. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த வார இறுதியிலேயே ஒரு குறிப்பேட்டோடு அவர் பக்கத்தில் அமருங்கள். கேட்டதை நாளும் ஊரும் இட்டு எழுதி வையுங்கள்.